கூப்பிட்டால் வரும் வேன்

வேன் முதன்முதலாகத் தோட்டத்துக்குள் வந்த காலையில் கோயில் முன்னால் நல்ல கூட்டம். ஏறுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. வெள்ளை வேன், குளிர்சாதனம் உண்டு, சீட்டுகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றப்படவில்லை. ஓட்டிவந்தவர் ஹைதர், பக்கத்து ஊரான நிபோங் திபால்காரர். கதவை அகலத் திறந்துவிட்டு, "சும்மா ஏறிப் பாருங்க, காசு கேக்க மாட்டேன்" என்றார். பிள்ளைகள் ஏறி இறங்கின. பெரியவர்கள் சீட்டை அமுக்கிப் பார்த்தார்கள். நல்லாயிருக்கு என்றார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

தனலெட்சுமி மட்டும் கோயில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வேனுக்காக அவள் அந்த மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டது அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது கோபப்பட்டிருப்பார்கள். ஏனென்றால் அவள் வாசுவின் மனைவி.

பைராம் தோட்டத்தையும் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே வெகுதூரம் உள்ளே கிடக்கிறது அந்த வால்டன் தோட்டம். பஸ் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறவர்கள் போவார்கள், வருவார்கள். இல்லாதவர்களுக்கு, வயதானவர்களுக்கு, நோயாளிகளுக்கு வாசுவின் கார்தான். கெரெத்தா சாப்பு என்பார்கள். உரிமம் எதுவும் இல்லாமல் சொந்தக் காரில் ஆள் ஏற்றுவது. சட்டப்படி தப்பு. ஆனால் வால்டன் தோட்டத்தில் அதைத் தப்பு என்று சொல்ல ஒரு வாய் கிடையாது. கிளினிக்குக்கு, பாசார்ச் சந்தைக்கு, பள்ளிக்கூட விழாவுக்கு, சாவு வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவன்தான். கொடுத்ததை வாங்கிக்கொள்வான். கொடுக்காதவர்களைக் கேட்க மாட்டான். சின்னம்மா என்கிற மூதாட்டியின் புருஷன் ஆஸ்பத்திரியில் செத்தபோது, அந்த உடலுக்காக நாள் முழுக்கக் காத்திருந்து கொண்டுவந்தவன் அவன். தோட்ட வேலையாள் அர்ஜுனனின் மனைவி சுபாஷினிக்குப் பின்சீட்டிலேயே வலி முற்றி, ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை தலை தெரிந்தபோது, காரில் கிடந்த தன் கைலியை விரித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவன். கறை படிந்த அந்தச் சீட்டைப் பற்றி அதன்பிறகு ஒருநாளும் அவன் வாய் திறந்ததில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயது.

அந்த வாசுவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

இனிப்பு நீர் வியாதி அவனுக்கு வெகுநாளாக உண்டு. தனலெட்சுமி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள். ஒருநாள் மதியம் அவள் தெருவில் எதிரே நடந்து வந்தபோது, திண்டாடி நின்ற ஒரு கோழிக்காகக் காரை நிறுத்தியவன், அவளைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் அதை வெரட்டி விடுங்க" என்றான். சொந்த மனைவியை. அவள் கிட்டே போய், "என்னங்க, நான்தான்" என்றாள். அவன் சிரித்தான். "வெயிலு கண்ணுல அடிக்குது" என்றான். அன்று வெயில் இல்லை.

அவள் விடவில்லை. ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது, பார்வையின் ஓரங்கள் போய்விட்டன, நடுவிலும் புகை படிந்துவிட்டது, இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். லேசர் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் அவன் வேறு யாரையோ கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான்.

"யாருகிட்டயும் சொல்லாத தனம்" என்றான். "நான் நிறுத்திட்டா சின்னம்மாவ யாரு கூட்டிட்டுப் போவா? அவங்க கால் புண்ணுக்கு வாரம் ரெண்டு தடவ மருந்து கட்டணும்."

"நீங்க யாரையாச்சும் மோதிட்டா?"

"மோத மாட்டேன். இந்த ரோட்டுல கண்ணக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்."

அந்தச் சமயத்தில்தான் ஷேரன் வந்தாள். ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவில் ஏதோ ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிற பெண். கையில் டேப்லட். வீடு வீடாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டாள். கைப்பேசியில் கூப்பிட்டால் தோட்டத்துக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிற வேன் ஒன்று விட்டால், அதில் ஏறுவீர்களா?

"ஏறாம என்ன, கட்டாயம் ஏறுவோம்லா" என்றார்கள் எல்லாரும். பெண்பிள்ளை ஒருத்தி வெயிலில் அவ்வளவு தூரம் வந்து கேட்கும்போது மாட்டோம் என்று எப்படிச் சொல்வது? மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். முறுக்கு கொடுத்தார்கள். ஏறுவோம் என்பதையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தனலெட்சுமியும் ஏறுவேன் என்றுதான் சொன்னாள். அவள் ஒருத்திதான் மனசாரச் சொன்னாள்.

வேன் வந்தது. தினமும் வந்து கோயில் பக்கத்து மரத்தடியில் நின்றது, ஹைதர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. தனலெட்சுமி சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கு ஆப் புரியவில்லை, மலாயில் இருக்கிறது. ஒருத்திக்கு முகம் தெரியாதவர்களோடு உட்கார்ந்து போகக் கூச்சம். இன்னொருவர், வேன் வீட்டு வாசல்வரை வராது என்றார். கோயிலிலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம்தான்.

சின்னம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள். அறுபத்தெட்டு வயது. வலது காலில் கட்டு. "வாசு வாசல்ல கார நிறுத்திட்டு ஒக்காந்துருக்கான். அவன் கண்ணு முன்னாடி நான் எப்படிம்மா இன்னொருத்தன் வண்டில ஏறுறது? என் புருஷன அவன் கார்லதான் வச்சுக் கொண்டாந்தான். அந்த நன்றி இல்லாம நான் செத்தா எனக்குக் கட்ட வேகாது."

அடுத்த திங்கட்கிழமை தனலெட்சுமி தானே வேனைக் கூப்பிட்டாள். பாசாருக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். கோயில் முன்னால் நாலு பேர் பார்க்கும்படி நின்று, கதவு திறந்ததும் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். நான் ஏறினால் மற்றவர்களுக்கு இருக்கிற தயக்கம் போய்விடும், வாசு பெண்டாட்டியே ஏறிவிட்டாளே என்று ஒவ்வொருவராக ஏறுவார்கள் என்பது அவள் கணக்கு.

"ஏன்க்கா யாருமே வரமாட்டேங்கறாங்க?" என்று ஹைதர் கேட்டார். "நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா?"

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல தம்பி. பழகணும்ல."

கணக்கு தலைகீழாகப் போனது. திரும்பி வந்தபோது தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கக் கதை பரவியிருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றார்கள் சிலர். அவளுக்குக் கம்பெனிக்காரன் காசு கொடுக்கிறான் என்றார்கள் சிலர். வாங்கிவந்த மீனை அவள் கழுவிக்கொண்டிருந்தபோது வாசு பின்வாசலில் வந்து நின்றான்.

"என்னோட ஏற ஒனக்குப் பயமா இருக்கா?"

"ஆமா."

"நீயே இப்படிச் சொன்னா, மத்தவன் என்ன சொல்லுவான்" என்றான். பிறகு காரைத் துடைக்கப் போனான். தினமும் துடைப்பான். அன்று பக்கவாட்டில் ஒரு புதுக் கீறல் இருந்தது. அதைத் துணி தாண்டிப் போனது. அவனுக்கு அது தெரியவில்லை என்பதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மறுநாளே சின்னம்மா வீட்டுக்குப் போனாள். போய் உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, "அக்கா, அவருக்குக் கண்ணு தெரியலக்கா" என்றாள்.

சின்னம்மா கால் கட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். முன்னால ஒக்கார்றவங்க பாத்துச் சொல்லிருவோம். மோட்டார் வருது தம்பி, லோரி வருது தம்பி, வெளக்கு செவப்பு, இப்படி. நேராச் சொல்ல மாட்டோம். 'ஐயோ அந்த லோரிக்காரன் எப்படி வர்றான் பாரு'ன்னு பேச்சோட பேச்சா சொல்லுவோம். அவனும் புரிஞ்சுக்குவான். அர்ஜுனன்தான் மொதல்ல கண்டுபிடிச்சான். கண்ணு நல்லா இருக்கறவன முன்னால ஒக்கார வைங்கன்னு எல்லாருக்கும் சொல்லி வச்சவன் அவன்தான்."

இத்தனை நாள் தனலெட்சுமி தான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்திருந்ததை ஊரே மாற்றி மாற்றிச் சுமந்திருக்கிறது. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

"ஏன்க்கா இப்படிச் செய்யறீங்க? வேன் இருக்குல்ல, அதுல போங்களேன்."

"அவன் கார நிறுத்திட்டா வீட்டுல ஒக்காந்து செத்துப் போயிருவான் தனம். நீ அவனோட வாழ்றவ, ஒனக்கே தெரியலியா?"

சின்னம்மா சொன்னதில் பொய் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஹைதர் அவளிடம் வந்து சொன்னார். ஏற ஆள் இல்லாததால் வேனை நிறுத்தப் போகிறார்கள். ஷேரனின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, சிற்றுண்டிச்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். நிபோங் திபால்வரை வேன். அங்கிருந்து ரயில். பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் பெரி படகு. சூலியா தெருவுக்குள் விசாரித்து விசாரித்து நடந்து, நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தைக் கண்டுபிடித்தபோது சேலை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

ஷேரனுக்கு அவளை நினைவிருந்தது. "முறுக்கு கொடுத்த ஆண்டிதானே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண்.

"எனக்கே புரியல ஆண்டி. கேட்டப்போ எல்லாரும் ஏறுவோம்னு சொன்னாங்க. ஒரு வீடு விடாம. இப்போ பார்த்தா நீங்க ஒருத்தர்தான் ஏறிருக்கீங்க. நான் மேல என்ன சொல்றது?"

"இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாக்க முடியாதாம்மா? ஏறுவாங்க. நான் ஏத்துறேன்."

"காரணம் தெரிஞ்சா கேட்டுப் பாக்கலாம். சும்மா கேட்டா குடுக்க மாட்டாங்க." ஷேரன் குரலைத் தாழ்த்தினாள். "அங்க யாராச்சும் கெரெத்தா சாப்பு ஓட்டுறாங்களா? மத்த எடத்துல அப்படித்தான் ஆச்சு. இருக்குன்னு சொன்னீங்கன்னா நான் ரிப்போர்ட்ல போடுறேன். அதுதான் காரணம்னு காட்டி ஆறு மாசம் நீட்டிக் கேப்பேன். கிடைக்கும்னு நினைக்கிறேன்."

"ரிப்போர்ட்ல போட்டா அவங்கள என்ன செய்வாங்க?"

"அது என் கையில இல்ல ஆண்டி. போக்குவரத்து இலாகா வந்து பாக்கும். கார எடுத்துக்கலாம்."

மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேன் தொடர்ந்து வரும். கார் போகும். அவன் கண்ணைப் பற்றி யாரும் பேச வேண்டிய அவசியமே வராது. இதைவிட நல்ல வழி அவளுக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் அதிகாரிகள் தோட்டத்துக்குள் வந்து, எல்லாரும் பார்க்க, அந்தக் காரைச் சங்கிலி போட்டு இழுத்துப் போவதும், வாசு வாசலில் நிற்பதும், பெண்டாட்டியே காட்டிக்கொடுத்தாள் என்று லைன் பேசுவதும் அவள் கண்ணுக்குள் ஓடின. அவன் தன்னைத் திரும்பிப் பார்க்கப்போகும் பார்வை எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது.

"அப்படி யாரும் இல்லம்மா" என்றாள்.

ஷேரன் அவளையே பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. "சரி ஆண்டி" என்றாள்.

மாதக் கடைசியில் வேன் நின்றது. ஹைதர் கோயிலில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு போனார். சிலர் அவரிடம், "ஐயோ, நிறுத்திட்டாங்களா? நல்ல வண்டியாச்சே" என்றார்கள். நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்கள்.

மழை மாதம் முடிந்த ஒரு நாள், சாயங்காலம். சின்னம்மாவை மதியத்துக்கு மேல் கிளினிக்கில் விட்டுவிட்டு வந்திருந்தான் வாசு. மருந்து கட்டி முடிந்தது, வந்து கூட்டிப் போ என்று அவள் கைப்பேசியில் கூப்பிட்டாள். அவன் கிளம்பினான். போகும்போது காரில் வேறு யாரும் இல்லை. முன்சீட்டு காலியாக இருந்தது. சூரியன் நேர் எதிரே, செம்பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. வேலை முடிந்து, பக்கத்து மண்பாதையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறி வந்த அர்ஜுனன், வாசுவின் காரைப் பார்த்துக் கையை உயர்த்தினான் என்று பின்னால் வந்த வேலையாள் ஒருவன் பிறகு போலீசில் சொன்னான். முன்சீட்டில் யாராவது இருப்பார்கள், பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அர்ஜுனன் ரோட்டில் ஏறியிருப்பான். கார் வேகம் குறையவே இல்லை.

எதையோ மோதிவிட்டோம் என்று வாசுவுக்குத் தெரிந்தது. மாடு என்று நினைத்தான். இறங்கி, கையால் காரைத் தடவிக்கொண்டே முன்னால் போனான். மோட்டார் சைக்கிள் தட்டுப்பட்டது. அதைத் தாண்டி யாரோ புல்லில் கிடந்தார்கள். மண்டியிட்டு, முகத்தோடு முகம் வைத்துப் பார்த்த பிறகுதான் அது அர்ஜுனன் என்று தெரிந்தது. அர்ஜுனனுக்கு அப்போது மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நின்றுவிட்டது. அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறக்க வாசுவால் முடியவில்லை. அத்தனை வருஷத்தில் அவன் செய்யாமல் விட்ட ஒரே ஆஸ்பத்திரிப் பயணம் அது.

போலீஸ்காரர்கள் தோட்டத்தில் விசாரித்தார்கள். வாசுவுக்குக் கண் எப்படி? நல்லாத்தான் தெரியும் என்றார்கள் எல்லாரும். சின்னம்மா கோயிலைக் கைகாட்டிச் சத்தியம் செய்தாள். ஷேரனிடம் ஏறுவோம் என்று சொன்ன அதே வாய்கள். அவனைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். வாசுவோ போலீஸ் பாலாயில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே, டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொன்னதைச் சொல்லிவிட்டான்.

கருமாதி முடிந்த மறுநாள் சுபாஷினி வந்தாள். குழந்தையைக் கூட்டிவரவில்லை. தனலெட்சுமி போட்டுக் கொடுத்த காப்பியை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லாமல் அவள் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நான் சண்ட போட வரலக்கா" என்றாள். "அண்ணனுக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்கும் தெரியும். நானும் முன்னால ஒக்காந்து லோரி வருதுன்னு சொன்னவதான். எங்க வீட்டுக்காரருதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அதனால யாரையும் கேக்க எனக்கு வாயில்ல. ஒண்ணுதான் புரியல. அந்த வேன் ஏன் நின்னுச்சு? கொஞ்ச நாள் இருந்துருந்தா நாங்களே ஏறிருப்போம்னு தோணுது. நீங்க தீவுக்குப் போய் அந்தப் பொண்ணப் பாத்தீங்களாமே, ஹைதர் அண்ணே சொன்னாரு. என்ன சொன்னாங்க?"

அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டிருக்கலாம். சுபாஷினி நம்பியிருப்பாள். தனலெட்சுமி அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஷேரனிடம் பொய் சொன்னபோது இருந்த பலம் இப்போது இல்லை. மேல்மாடி அலுவலகம், மின்விசிறி, அந்தக் கேள்வி, தன் பதில், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஆறு மாதம் நீட்டிக் கேட்டிருப்பார்கள் என்பதையும் சொன்னாள்.

சுபாஷினி கேட்டு முடித்தாள். காப்பியில் ஆடை படர்ந்திருந்தது.

"ஆறு மாசம்" என்றாள். விரலால் மேசையில் எதையோ எண்ணுவதுபோல் இருந்தது. பிறகு எழுந்தாள். அந்த ஆறு மாதத்துக்குள்தான் அர்ஜுனன் செத்திருந்தான். இருவருக்கும் அது தெரிந்தது. வாசலில் செருப்பைப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். தனலெட்சுமி தாங்கப் போனாள். "தொடாதீங்கக்கா" என்றாள் சுபாஷினி. கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. சுபாஷினி குழந்தையோடு செபராங் ஜெயாவில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வாசு வக்கீல் வைக்க மறுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஜாவியில் இருக்கும் சிறையில் அடைத்தார்கள். சின்னம்மா கிளினிக்குக்கு வாரம் இரண்டு முறை போவது ஒன்றாகி, பிறகு நின்றது. புண் கணுக்காலுக்கு ஏறி, பாதத்தை எடுத்துவிட்டார்கள். வெளியூரில் கார் வைத்திருந்த மகன்கள் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் தோட்டத்தைவிட்டே கிளம்பினார்கள்.

சிறையில் பார்க்க விடும் நாளில் தனலெட்சுமி விடிந்ததும் கிளம்புவாள். செம்பனைக்குள்ளே பெரிய ரோடுவரை நடந்து, அங்கே பஸ் பிடிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசுவை ஒரு வார்டர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைப்பார். அவள் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் விலகியே அவன் முகம் இருக்கும். டெலிபோனை எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எதுல வந்த?"

"நடந்து வந்து பஸ் எடுத்தேன்."

"சின்னம்மா?"

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ போனபோதுதான் அவள் கால் விஷயத்தைச் சொன்னாள். வாசு டெலிபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்தது என்று வார்டர் தோளைத் தொட்டபோது, எழுந்து, அவர் கையை இவனே தேடிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.